நானூற்று ஒன்பதின் பின்பாதி

பூச்சி அறையில் சத்தமாகத் தும்மக் கூடாது. ஓடக் கூடாது. ஈரக் கையோடு எதையும் தொடக் கூடாது. எக்காரணம் கொண்டும் ஃபேன் போடக் கூடாது. இந்த நான்கு விதிகளையும் எழுதிச் சுவரில் ஒட்டியவர் டாக்டரம்மா. அன்று காலை அவற்றில் மூன்றை ஒரே மூச்சில் மீறியவரும் அவர்தான். டம்ளர் கழுவிய ஈரக் கையோடு ஓடி வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, அந்துருண்டை நெடியில் அறை அதிரத் தும்மினார். ஃபேன் மட்டும்தான் பாக்கி.

"ஊசி! நாலு மணிக்குக் கட்டுரையை அனுப்பப் போறேன்டி! நாலு மணி ஆச்சுன்னா ஒரே ஒரு பட்டன். அவ்வளவுதான், நம்ம பூச்சி உலகத்துக்குத் தெரிஞ்சிடும்!"

ஊசி என்று கூப்பிடப்பட்டவள் தலையை நிமிர்த்தாமல் சிரித்தாள். அவள் கையில் ஓர் அந்துப்பூச்சி இருந்தது. அதன் நெஞ்சில் ஊசியை நேராக இறக்கிக்கொண்டிருந்தாள். அந்த வேலையால்தான் அந்தப் பெயரும் வந்தது. வயது இருபத்திரண்டு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. மணி அடிக்கும்வரை நின்றாள். மறுநாள் அந்தப் பக்கமே போகவில்லை. வாய்க்கு வராதது எல்லாம் அவளுக்குக் கைக்கு வந்தது. விரலால் தொட்டால் பொடியாக உதிரும் இறக்கையைப் பலகையில் பூப்போல விரித்து வைப்பாள். எறும்பு வாசிக்கிற அளவுக்குச் சின்ன எழுத்தில் சீட்டு எழுதி அடியில் குத்துவாள்.

அவள் கையில் வந்ததெல்லாம் பெரும்பாலும் படைப்புழுவின் பூச்சிதான். புழுவாக இருக்கும்போது கூட்டமாக நகர்ந்து சோள வயலை மொட்டையடித்துவிட்டுப் போகும். இறக்கை முளைத்ததும் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி பழுப்பு நிறத்தில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலும் பல இனங்கள். இறக்கையைப் பார்த்து இது இன்ன இனம் என்று அடித்துச் சொல்வது கஷ்டம். ஆண் பூச்சியின் வயிற்றைத் தனியே கழற்றி, சதையைக் கரைக்கும் காரத் தண்ணீரில் ஊறவைத்து, நுனியில் இருக்கும் கொக்கிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சாவிக்குப் பல் இருப்பது போல ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வடிவம். அந்த வயிற்றுக்குப் புத்தகத்தில் என்னவோ பெயர் இருந்தது. அறையில் எல்லாருக்கும் அது பின்பாதி.

மூன்று மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா நானூற்றுப் பன்னிரண்டாம் எண் பூச்சியின் பின்பாதியைத் திறந்தார். வெளியே பார்த்தால் சாதாரணப் படைப்புழுப் பூச்சி. உள்ளே இருந்த கொக்கியோ அதுவரை யாரும் பார்க்காத கொக்கி. அன்றைக்கு டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார மறந்து தரையில் உட்கார்ந்தார்.

"வெளியில கொஞ்சம்கூட வித்தியாசம் இல்ல. உள்ள வேற ஆளு! எவ்வளவு பெரிய வேஷக்காரன் பாரு!" என்று அதைப் பற்றியே மூன்று பக்கம் கட்டுரையில் எழுதித் தள்ளினார். பிறகு, ஊசியின் தலையில் இடியை இறக்குவது போல, "இதுக்கு உன் பேரைத்தான் வைக்கப் போறேன். இவ்வளவு சேதாரமில்லாம ஒரு மாதிரியை எனக்கு யாரு குத்திக் குடுத்தா? நீதானே?" என்றார்.

ஊசி அன்று வீட்டுக்கு நடந்து போனாளா மிதந்து போனாளா என்று அவளுக்கே தெரியாது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்ட பெயர் அது. இனி அந்தப் பெயர் ஒரு பூச்சியின் பெயராக, உலகம் இருக்கும்வரை இருக்கும். இதை அவள் அக்காவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள். அக்காவிடம் சொன்னால் தெருவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"என் தங்கச்சி பேர்ல பூச்சி வருதுங்க!" என்று அக்கா பால்காரரிடம் சொன்னாள்.

"ஐயய்யோ, என்ன மருந்து அடிச்சாப் போகும்?" என்று அவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

அனுப்பும் நாளான அன்று மதியம் ஒன்றரை மணிக்கு அக்காவும் அத்தானும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அத்தான் பேக்கரி வைத்திருந்தார். ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தாழ்வாரத்து மேசைமேல் வைத்து, மந்திரவாதி போலத் திறந்தார். உள்ளே பூச்சி உருவத்தில் ஒரு கேக். பிஸ்கட்டில் இறக்கை, சாக்லேட்டில் உடம்பு, கண்ணுக்கு இரண்டு திராட்சை. வழியில் எந்தப் பள்ளத்திலோ அதன் பின்பாதி கழன்று பெட்டியின் மூலையில் கிடந்தது.

"மெதுவாப் போங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் அக்கா. "இந்த மனுஷனுக்குப் பள்ளம்னா தாய்வீடு மாதிரி."

"அட, இதுக்குப் போயி..." அத்தான் பாக்கெட்டிலிருந்து ஒரு கிரீம் குழாயை எடுத்தார். கழன்ற துண்டின் வாயில் ஒரு சொட்டுப் பிதுக்கினார். உடம்போடு வைத்து அழுத்தி, விரலால் ஓரத்தைத் தடவினார். "முடிஞ்சுது. ஒட்டினது தெரியுதா? எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது!"

ஊசி கேக்கில் ஒட்டிய இடத்தையே பார்த்தாள்.

ஃபேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் விளக்கண்ணன் வியர்த்து விறுவிறுக்க அறைக்குள் வந்தார். வயல்களில் விளக்குப் பொறி வைத்து, அதில் விழும் பூச்சிகளைக் கொண்டுவந்து தருவது அவர் வேலை. "யப்பா, என்ன வெயிலு!" என்று சுவிட்சைத் தட்டினார். ஒரே ஒரு நொடிதான். ஊசி பாய்ந்து நிறுத்திவிட்டாள். அதற்குள் பலகையில் காய்ந்து நின்ற இரண்டு பூச்சிகளின் பின்பாதிகள் உடைந்து பறந்துவிட்டன. ஒன்று ஜன்னல் ஓரம் கிடந்தது. ஒன்று மேசைக் காலடியில். இரண்டும் பழுப்பு, இரண்டும் ஒரே நீளம்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடாத தாயே, என்னைத் தோலை உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க," என்று விளக்கண்ணன் கும்பிட்டார். அவள் சொல்லவில்லை. எது எதனுடையது என்று ஓர் ஊகத்தில் கோந்து வைத்து ஒட்டினாள். ஒட்டிய பூச்சிக்கு, 'பின்பாதி ஒட்டப்பட்டது' என்று ஒரு சீட்டு குத்த வேண்டும் என்பது வழக்கம். சீட்டைப் பார்த்தால் ஏன் உடைந்தது என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் பேச வேண்டும். அதனால் சீட்டும் குத்தவில்லை. அந்த இரண்டும் நானூற்று ஒன்பதும் நானூற்றுப் பன்னிரண்டும். அத்தானின் கிரீமைப் பார்க்கும்வரை அவள் அதை மறந்தேபோயிருந்தாள்.

"கேக் சாப்பிடு," என்றாள் அக்கா.

"இதோ வரேன்," என்று ஊசி உள்ளே போனாள். நானூற்றுப் பன்னிரண்டை எடுத்து மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள். பின்பாதி கழற்றப்பட்ட இடத்தில் தேன் துளி மாதிரி ஒரு சின்னப் பளபளப்பு. அவளுடைய கோந்து. பின்பாதியைக் கழற்றிய அன்று, "வெண்ணெய் மாதிரி வந்துச்சுடி!" என்று டாக்டரம்மா பெருமைப்பட்டது நினைவுக்கு வந்தது. வராமல் என்ன செய்யும்?

மணி இரண்டேகால். இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது அவளுக்குக் கைவந்த கலை. மூடிக்கொண்டிருந்தால் அவள் பெயர் இருக்கும். ஆனால் முன்பாதி ஓர் இனம், பின்பாதி வேறோர் இனம் என்று உலகத்தில் எங்குமே பறக்காத ஒரு பூச்சியின் பெயராக இருக்கும். என்றைக்காவது அந்தக் கண்ணாடிக்கடியில் வேறு யாராவது இதை வைத்துப் பார்த்தால், ஊரெல்லாம் சிரிக்கப்போவது டாக்டரம்மாவைப் பார்த்து.

டாக்டரம்மா தாழ்வாரத்தில் வாயெல்லாம் கிரீமாக நின்றுகொண்டு, கேக்கின் இறக்கையில் நரம்புகள் சரியாக இல்லை என்று அத்தானுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம்."

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அது... பன்னிரண்டோட பின்பாதி பன்னிரண்டோடது இல்ல மேடம். நான் ஒட்டினது. மாத்தி ஒட்டிட்டேன்னு நினைக்கிறேன்."

அத்தான் மெல்லுவதை நிறுத்தினார். ஊசி தரையைப் பார்த்துக்கொண்டே ஃபேனிலிருந்து கோந்துவரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஒரே நேரத்தில் அவ்வளவு பேசியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். கிரீம் எப்போதோ போய்விட்டிருந்தது. "மூணு பக்கம்," என்றார் மெல்ல. "வெளியில கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லன்னு மூணு பக்கம் எழுதியிருக்கேன். எப்படி இருக்கும்? அது சாதாரணப் பூச்சியோட இறக்கைதானே!" கைக்குட்டையைக் கசக்கி மேசைமேல் போட்டார். "ஏன்டி இன்னிக்குச் சொன்ன? நாளைக்குச் சொல்லக் கூடாதா?"

"நாளைக்குன்னா நீங்க அனுப்பியிருப்பீங்க மேடம்."

டாக்டரம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். திட்டு வரப்போகிறது என்று ஊசி தோளைக் குறுக்கினாள். வந்தது திட்டு இல்லை.

"அப்போ பின்பாதி?" டாக்டரம்மாவின் குரல் ஏறியது. "பின்பாதி பொய்யில்லையே! அந்தக் கொக்கி நிஜம்! அப்படின்னா அந்தக் கொக்கிக்குச் சொந்தக்காரன் இன்னொருத்தன் இருக்கான். நானூற்று ஒன்பது எங்கே?"

ஊசி வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "விளக்கண்ணன்கிட்ட."

நானூற்று ஒன்பது ஐந்து மாதமாக விளக்கண்ணனின் விளக்கப் பெட்டியில் இருந்தது. ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குப் படைப்புழுவைப் பற்றிச் சொல்வதும் அவர் வேலை. அதற்குக் காட்ட ஒரு பூச்சி கேட்டார். இருப்பதிலேயே லட்சணமாக ஒன்றை அவரே பொறுக்கிக்கொண்டு போனார். அன்று மூன்று மணிக்கு ஆறு மைல் தள்ளி ஒரு கூட்டம். பெட்டி கைக்குக் கை மாறும். கூட்டத்துக்கு ஒரு காலோ ஒரு கொம்போ உடைந்துதான் திரும்பி வரும்.

"ஸ்கூட்டர் சாவி!" என்று டாக்டரம்மா அலறினார்.

டாக்டரம்மாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டுவதும் பேசுவதும் ஒரே வேகம். அன்று இரண்டையும் சேர்த்துச் செய்தார். "உடைஞ்ச பின்பாதியை மட்டும் வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணுவேன்? முன்பாதி இல்லாம பேர் வச்சா உலகமே என்னை... பிடிச்சுக்கோ, பள்ளம்!... என்னை வழிச்சுக்கிட்டுச் சிரிக்கும்! விளக்கண்ணன் போனை எடுக்க மாட்டாரா?"

"கூட்டத்துல பேசும்போது அணைச்சு வச்சிடுவாரு மேடம்!"

"மனுஷன் அதுல மட்டும் ஒழுங்கு!"

பின்னால் அத்தானும் அக்காவும் மோட்டார் சைக்கிளில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. கேக் பெட்டி இன்னும் அக்கா மடியில் இருந்தது.

கூட்டம் நடந்த கூடத்தில் அறுபது பேர் இருப்பார்கள். ஜன்னல்கள் சின்னவை. எல்லாரும் கையில் கிடைத்த நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மேடையில் விளக்கண்ணன் முழங்கிக்கொண்டிருந்தார்.

"இவன் மூஞ்சியை நல்லாப் பாத்து வச்சுக்குங்க! உங்க சோளத்தை மொட்டையடிச்ச படுபாவி இவன்தான்! எங்க கண்டாலும் விடாதீங்க!"

பெட்டி மூன்றாவது வரிசைக்குப் போயிருந்தது. மூடி திறந்து கிடந்தது. தலையில் துணி கட்டிய ஒரு விவசாயி அம்மா அதைத் தம் மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நானும் மூணு கூட்டமாச் சொல்றேன், நீங்க காதுலயே வாங்க மாட்டேங்கறீங்க. எங்க வயல்ல வர்றவனுக்கு இறக்கையில இந்த வெள்ளைக் கோடு கிடையாதுங்க. நீங்க தப்பான ஆளைப் பிடிச்சு வச்சிருக்கீங்க."

"அம்மா, நான் இருபது வருஷமாப் பூச்சி பிடிக்கிறேன்."

"நானும் இருபது வருஷமா அதுங்களுக்குச் சோளம் போடறேன்!"

கூடம் கொல்லென்று சிரித்தது. "காத்தே வரலியே, யாராவது அந்த ஃபேனைப் போடுங்கப்பா," என்று ஒரு குரல் எழுந்தது. சுவரோரம் நின்ற ஒருவர் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். மேலே ஆறு ஃபேன்கள். கீழே, திறந்த பெட்டிக்குள், உலகத்தில் இருக்கும் ஒரே நானூற்று ஒன்பது.

டாக்டரம்மா அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றது ஊசி மட்டும்தான்.

"ஃபேனைப் போடாதீங்க!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவளே திரும்பிப் பார்த்தாள். அறுபது தலைகளும் அவள் பக்கம் திரும்பின. சுவிட்சுக்குப் போன கை அந்தரத்தில் நின்றது.

"யாரும் அசையாதீங்க! தும்மாதீங்க! அம்மா, பெட்டியை அப்படியே பிடிச்சுக்குங்க, மூச்சு விடாதீங்க! அண்ணே, அது படைப்புழுப் பூச்சி இல்லண்ணே! அந்த அம்மா சொல்றதுதான் சரி! அது வேற ஆளு! அதை இதுவரைக்கும் யாருக்குமே தெரியாது!"

விவசாயி அம்மா உண்மையாகவே மூச்சை அடக்கிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின. ஊசி வரிசைகளுக்கு நடுவே நுழைந்து போய்ப் பெட்டியை வாங்கி மூடிய பிறகுதான் புஸ்ஸென்று விட்டார்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?" அவர் மேடையைப் பார்த்து முதலில் சொன்னது அதைத்தான்.

அதற்குள் டாக்டரம்மா ஓடி வந்துவிட்டார். கண்ணாடி மூடி வழியாக இறக்கையைப் பார்த்தார். முன்னிறக்கையின் ஓரத்தில், நகம் பட்ட கீறல் போல, ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒன்பதையும் பன்னிரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் பச்சைப்பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும்.

"கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லையாம்," என்று தம் கட்டுரையைத் தாமே கேலி செய்துகொண்டு டாக்டரம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மேடையில் விளக்கண்ணன் மைக்கை மறந்துபோய்த் தனக்குத்தானே கேட்டுக்கொண்டது கூடம் முழுக்கக் கேட்டது. "அப்போ அஞ்சு மாசமா ஒரு நிரபராதியைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேனா?"

"மன்னிப்புக் கேளுங்கண்ணே!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். அவரும் மேடையிலிருந்து இறங்கி வந்து, பெட்டிக்கு முன்னால் கைகூப்பி, "தெரியாமச் சொல்லிட்டேன்பா, மனசுல வச்சுக்காத," என்றார். கூடம் கைதட்டியது. அத்தான் இதுதான் சமயம் என்று கேக்கைத் திறந்தார். பின்பாதி மறுபடியும் கழன்றிருந்தது.

திரும்பும்போது ஸ்கூட்டர் எறும்பு போல ஊர்ந்தது. விளக்கண்ணன் முன்னால் போய், பள்ளம் வரும் இடமெல்லாம் இறங்கி நின்று கைகாட்டினார். ஊசி இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு மணி எப்போது வந்தது, எப்போது போனது என்று யாரும் பார்க்கவில்லை. பொத்தானை யாரும் அழுத்தவில்லை.

ஆனாலும் சந்தேகம் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ஒன்பதின்மேல் அவள் ஒட்டிய பின்பாதி பன்னிரண்டுடையதுதான் என்று தெரிய வேண்டும். அதைக் கழற்றிக் காரத் தண்ணீரில் போட்டார்கள். இரவெல்லாம் அது ஊறியது. ஊசி தூங்கவில்லை. பக்கத்தில் அக்காவும் தூங்கவில்லை, தூங்கவிடவும் இல்லை. "ஏன்டி, உன் பேர் இருக்குமா இருக்காதா?" என்று புரண்டு புரண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். இருக்காது என்று ஊசிக்கு நன்றாகத் தெரியும். மாற்றி ஒட்டியவளின் பெயரை யார் வைப்பார்கள்?

காலையில் டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். ஊசியும் விளக்கண்ணனும் மூச்சு விடாமல் நின்றார்கள்.

"சாதாரணப் படைப்புழு," என்றார் டாக்டரம்மா. குனிந்தபடியே இன்னும் ஒரு தடவை பார்த்தார். "சுத்தமான, அசல், ஆயிரம் தடவை பாத்து அலுத்துப்போன சாதாரணப் படைப்புழுவோட கொக்கி! மாத்திதான்டி ஒட்டியிருக்க! சரியா மாத்தி ஒட்டியிருக்க!"

அந்தச் சந்தோஷத்தில் அவர் சுழன்றதில் கை சுவரில் பட்டது. ஃபேன் சுவிட்சில்தான் பட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து அதை அணைத்தார்கள். நான்காவது விதியும் தீர்ந்தது.

கட்டுரையை முதலிலிருந்து எழுதப் பத்தொன்பது நாள் ஆனது. மூன்று பக்கம் போய், வெள்ளைக் கோட்டைப் பற்றி ஒரே பத்தி வந்தது. பின்பாதிகள் இடம் மாறிய கதையும் மறைக்காமல் வந்தது. ஒட்டியவளே வந்து சொன்னாள் என்ற ஒரு வரியும் இருந்தது. புது இனத்தின் முதல் மாதிரிக்குச் சிவப்புச் சீட்டு குத்த வேண்டும். எழுத வேண்டியவள் ஊசி. மிகச் சின்ன நிப்பை எடுத்துக்கொண்டு, என்ன பெயர் எழுத வேண்டும் என்று டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உன் பேரைத்தான்."

"வேண்டாம் மேடம். வேற ஏதாவது..."

"பதினெட்டு இடத்துல டைப் பண்ணியிருக்கேன். யாரு போய் மாத்துறது? எழுதுடி."

அவள் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட முழுப் பெயரை, எறும்பு வாசிக்கிற அளவு எழுத்தில். எழுதி முடித்து நிப்பை எடுக்கப்போனபோது டாக்டரம்மா தடுத்தார்.

"இரு, இன்னும் முடியல. பொண்ணுங்க பேரைப் பூச்சிக்கு வச்சா லத்தீன் முறையில கடைசியில ரெண்டு எழுத்து சேக்கணும். அது சாஸ்திரம். பேருக்கும் ஒரு பின்பாதி உண்டு." பேனாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இதை நான் ஒட்டுறேன். நீ தள்ளி நில்லு."

இரண்டு எழுத்துதான். டாக்டரம்மாவின் எழுத்து பெரிது. சீட்டில் இடம் போதாமல் அது ஓரத்தில் கொஞ்சம் கோணலாக ஏறி நின்றது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும், ஒட்டினது நன்றாகவே தெரிந்தது.